காற்று நின்ற நேரம்

இசைவாணியின் வேலை மழை பெய்யவைப்பது. திருப்பாதிரிப்புலியூரில் அவள் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு இதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"போன்ல கேம் ஆடுறாங்கல்ல, அதுல வர்ற மழை, காத்து, மூடுபனி எல்லாம் நான் செய்றதுங்க."

அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம டேங்க்கும் ரொம்பற மாதிரி ஒண்ணு செய்யேன்" என்பார்.

கம்பெனி சென்னையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து செய்யத் தொடங்கிய வேலை அப்படியே நிலைத்துவிட்டது. பெயர் சொல்லாத ஒரு கடலோர ஊர். அதில் சைக்கிளில் தபால் கொடுக்கும் ஒரு பெண். அவ்வளவுதான் விளையாட்டு. வீடுகளையும் தெருக்களையும் மற்றவர்கள் வரைந்தார்கள். வானம் இசைவாணியுடையது. அப்பளம் பொரியும் சத்தத்தைப் பதிவு செய்து வேகத்தைக் குறைத்தால் தகரக் கூரை மழை கிடைத்தது. பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து பிடித்த தூறலும், சிதம்பரத்தில் அம்மா வீட்டு வாழை இலைகளின் மேல் பிடித்த மழையும் அவள் கணினியில் தனித்தனியாக இருந்தன.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் அவளை அசரவைத்தது. வெயில் அடிக்கும்போது ஆடுகிறவர்கள் தெருவில் சைக்கிளைப் பறக்கவிட்டார்கள். அதே தெருவில் தூறல் போட்டால் மெதுவாகப் போனார்கள். மெதுவாகப் போனால் ஒரு புள்ளிகூட ஏறாது. அப்படிப் போகச் சொல்லி யாரும் எழுதவும் இல்லை. மூடுபனி வந்தால் சைக்கிள் மணி அடித்தார்கள். அந்த மணியால் எந்தப் பயனும் கிடையாது. இல்லாத ஈரத்துக்கு மனிதர்கள் இப்படி நடந்துகொள்கிறார்களே என்று அவளுக்கு வியப்பு அடங்கவில்லை.

அந்த விளையாட்டை வீட்டில் மிகவும் விரும்பி ஆடியவர் அவள் கணவன் சேரனின் அக்கா தைலம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை. தானே புயலில் கணவர் சின்னையன் இறந்தபின் தம்பியோடு வந்து தங்கியவர். நிஜ மழை வந்தால் தைலம்மாள் எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேன் சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஆனால் கம்பெனி சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த போனை எடுத்துக்கொண்டால், சாயங்காலம் முழுக்கத் தூறலிலேயே சுற்றுவார்.

"லட்டரக் குடுக்காம எங்க அண்ணி சுத்துறீங்க?"

"கெடக்கட்டும் போ. என்னா, தலை போற லட்டரா? நனையாம மழையில போறது எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

சிதம்பரத்தில் பாலிடெக்னிக் ஒன்றில் லேப் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்த சேரன் எட்டிப் பார்ப்பான். "அக்கா, ஒன்ன போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து தூக்கப் போறாங்க பாரு."

"தூக்கட்டும்டா. சைக்கிளக் குடுக்க மாட்டேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் புயல் வந்தது. விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் ஊருக்குப் புயல் வர வேண்டும். இசைவாணி முதலில் செய்த புயலில் எல்லாமே இருந்தன. மரம் சாய்ந்தது, ஓடு பறந்தது, சத்தம் காதைக் கிழித்தது. சோதித்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். குழுவின் தலைவி அனுப்பிரியா சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"இசை, சத்தம் மட்டும் இருக்கு, பயம் வரலைன்னு சொல்றாங்க. இத விட்டா பெங்களூர் டீமுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் என் கையில இல்ல."

இசைவாணி சிதம்பரத்துக்காரி. தானே புயல் அன்று அவளுக்கு ஒரு பெரிய மழை; கரண்ட் இல்லாத சில நாட்கள். அதற்கு மேல் புயலை அவளுக்குத் தெரியாது. அரிசி களைந்துகொண்டே தைலம்மாள் என்றோ சொன்னதுதான் அப்போது நினைவுக்கு வந்தது.

"நடுவுல நின்னுப்புடுச்சி வாணி. கரண்டு போனா ஃபேன் நிக்குமே, அது மாதிரி. ஒரு சத்தமில்ல. முடிஞ்சிபோச்சின்னு நெனச்சி இவுரு கதவத் தொறந்துகிட்டு வெளிய போனாரு. அப்பறம் அந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சிது பாரு."

புயலின் நடுப்பகுதி ஊரைக் கடக்கும்போது காற்று அப்படித்தான் நின்று, பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்பும். இசைவாணி அதை அப்படியே வைத்தாள். கர்ஜித்துக்கொண்டிருந்த காற்று அறுந்ததுபோல் நின்றது. சொட்டும் நீரைத் தவிர வேறு சத்தமில்லை. தபால்காரப் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள். தெருவைப் பார்ப்பாள். அப்போது மறுபக்கத்திலிருந்து காற்று வரும்.

சோதித்தவர்களின் முகங்களை அனுப்பிரியா வீடியோவாக அனுப்பினாள். அந்த அமைதியில் ஒவ்வொருவரும் மூச்சை விட்டு, நாற்காலியில் சாய்ந்தார்கள். காற்று திரும்பியதும் துள்ளி எழுந்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவன் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தான். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றது ஒரு பெண்ணின் குரல்.

இசைவாணி வீடியோவை நிறுத்தினாள். பயத்துக்குப் பின் சிரிப்பு வரும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அது வரவேண்டும் என்றுதான் அவள் உழைத்தாள். ஆனால் சமையலறையில் தைலம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

சேரனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிய கையோடு நின்றுவிட்டான்.

"மாமா செத்தத கேம்ல வெச்சிருக்கியா?"

"அவர வெக்கல. அந்த நேரத்த வெச்சிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான. அக்கா இந்த வீட்ட விட்டுப் போயிடும். நான் சொல்லட்டா?"

"வேணாங்க. நான்தான் எடுத்தேன், நான்தான் சொல்லணும். வெள்ளிக்கிழம கேம் வெளிய வரதுக்குள்ள சொல்லிடறேன்."

நாள்தோறும் சொல்ல வாயெடுத்தாள். தைலம்மாள் ஒருநாள் தலைவலி என்றார். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் முட்டை அழுகிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது சொல்ல மனம் வரவில்லை. வியாழக்கிழமை இசைவாணி சிதம்பரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனாள். திரும்பும் பஸ்ஸில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. தைலம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சோதனை போனைப் பிடித்திருந்தார். புதிய பதிப்பு அந்த போனில் தானாக ஏறிவிடும் என்பதை இசைவாணி மறந்திருந்தாள்.

போனிலிருந்து காற்றின் சத்தம் வரவில்லை. நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் தபால்காரப் பெண் அறையின் மூலையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கதவு மூடியிருந்தது.

"அண்ணி."

"இரு. பேசாத." தைலம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரும்."

"எவ்ளோ நேரமா இப்படி..."

"நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்து. இன்னும் வரல. ஆனா வரும்."

அப்போதுதான் இசைவாணிக்கு உறைத்தது. அந்தக் காற்று வராது. கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால்தான் காற்று திரும்பும்படி அவள் எழுதியிருந்தாள். சோதித்த எல்லோரும் அமைதி வந்ததும் வெளியே போனார்கள். உள்ளேயே உட்கார்ந்திருக்க ஒருவர் இருப்பார் என்று அவள் யோசிக்கவே இல்லை. தைலம்மாளுக்குத் தெரிந்த புயலில் காற்று நின்றால் அசையக் கூடாது. அவர் அசையவில்லை. விளையாட்டும் அவரோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"வராது அண்ணி," என்றாள். பஸ்ஸில் அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "வெளிய போனாதான் வரும். நான்தான் அப்படி வெச்சேன்."

தைலம்மாள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இசைவாணி அதற்கு முன் பார்த்ததில்லை. அடிபட்ட இடத்தில் வலி இன்னும் தொடங்காதவரின் முகம் அது.

"நான் சொன்னதத்தான் வெச்சிருக்க."

"ஆமா."

"வெளிய போனாத்தான் வருமா?"

"கேம்ல அப்படி..."

"அப்ப போகாம இருந்தா?"

"இப்படியே நிக்கும்."

"அப்ப இவுரு போனதாலதான் வந்துச்சின்னு ஊருக்கெல்லாம் சொல்லப் போற. உள்ள இருந்திருந்தா வந்தே இருக்காதுன்னு."

"அண்ணி, நான் அப்படி நெனச்சிப் பண்ணல."

"நெனைக்கல," என்றார் தைலம்மாள். குரல் உயரவில்லை. "நெனைக்கலதான். அவுரு போனாலும் போகலன்னாலும் அது வந்துதான் தீரும் வாணி. தெருவே வெளிய வந்துச்சி அன்னிக்கி. இவுரு என்னா கூப்புட்டா கொண்டாந்தாரு?"

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரவு சாப்பாடு பரிமாறிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் தம்பியிடம் மட்டும், "சாயங்காலம் தாழங்குடா போயி அவுரு அண்ணன் வீட்டுல இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சேரன் மனைவியைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்; திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

இசைவாணி அனுப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"காத்து தானா திரும்பணும். உள்ள இருந்தாலும் திரும்பணும்."

"இன்னிக்கு ரிலீஸ், இசை. உள்ள உட்காந்திருக்கறவனுக்கு அதுல என்ன இருக்கு? செவுத்தையா பாப்பான்? ஜனங்களுக்குப் பிடிச்சதே அந்தக் கதவு திறக்கறதுதான்."

"கதவத் தொறக்கட்டும். போனவங்க திரும்பி வரவும் முடியணும். ஆனா காத்து யாரு போறாங்கன்னு பாத்து வரக்கூடாது."

"டைரக்டர் கேட்டா?"

"நான் பண்ணதுன்னு சொல்லு. பெங்களூருக்குக் குடுக்கறதுன்னா குடுக்கட்டும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "திங்கக்கிழமைக்குத் தள்ளிட்டேன்," என்றாள் அனுப்பிரியா. "எனக்குத் திட்டு வாங்கி வெச்சிட்ட."

மாலையில் தைலம்மாள் வந்து பையில் புடவைகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். இசைவாணி போனை நீட்டினாள்.

"மாத்திட்டேன் அண்ணி. கேக்காம எடுத்தது தப்பு. வேணாம்னா மொத்தமா எடுத்துடறேன். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

தைலம்மாள் போனை வாங்கவில்லை. மடித்த புடவையையே இன்னொரு தரம் மடித்தார். பிறகு போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

காற்று நின்றது. தபால்காரப் பெண் மூலையில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில், யாரும் எதுவும் செய்யாமலே, மறுபக்கத்துச் சுவரில் அடி விழுந்தது. கதவு உள்நோக்கி வளைந்தது. தைலம்மாளின் தோள் இறுகித் தளர்ந்தது.

"ம். இதான்," என்றார். பிறகு, "வெளிய என்னா வெச்சிருக்க?"

"நானா யோசிச்சி வெச்சதுதான். வெளிய என்ன இருந்துச்சின்னு நீங்க சொல்லல."

"நான் எங்க பாத்தேன். உள்ளதான இருந்தேன்."

மறுபடி தொடங்கினார். இந்த முறை காற்று நின்றதும் கதவைத் திறந்தார். தெரு முழுக்க ஈரம். கூரை போன வீடுகள். அவற்றின் மேல் வானம் விலகி, நட்சத்திரங்கள். ஒரு வாசலில் ஆடு உடம்பை உதறிக்கொண்டு நின்றது. தைலம்மாள் அந்தப் பெண்ணை மெதுவாக நடத்திக்கொண்டு போனார். தெருமுனையில் நின்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, வீட்டுக்குள் வந்து, கதவைத் தாழிட்டார். அதன் பிறகுதான் காற்று வந்தது.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"திரும்பி வர்றதுக்கு இவ்ளோ நேரம் இருக்கா?"

"நான் வெச்ச நேரம் அண்ணி அது. ஆடுறவங்க தப்பிக்கட்டும்னு..."

"தெரியுது." தைலம்மாள் போனை அவள் கையில் கொடுத்தார். "கம்மி பண்ணு. இவ்ளோ நேரம் இருந்திருந்தா அவுரு வந்திருப்பாரு."

இசைவாணி அப்படியே நின்றாள். தைலம்மாள் பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நிக்காத. ஒன் கம்ப்யூட்டர் பொட்டியத் தொற. நான் சொல்றேன்."