நாளைக்குச் சசி பாடுதாம்

இந்த முறை கத்தரி காய்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். காய்க்காவிட்டால் மொட்டைமாடி போய்விடும்.

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனரம்மா மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். என்னுடைய தக்காளி, வெண்டை இரண்டும் அடுத்தடுத்துக் கருகியதைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வாட்டியும் சுடுகாடா ஆச்சுன்னா நான் மேல ஷீட் போட்டு ரூம் எடுத்துடறேன். வாடகைக்குப் பசங்க ரெடியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள். "பாவம், அவர் என்ன பண்ணுவார்? கள்ளிச்செடிகூட இவரைப் பார்த்தா ராஜினாமா எழுதிக் கொடுத்துடும்."

ஆகவே ரோட்டோரத்து நர்சரியை விட்டுவிட்டு, இயற்கை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தைப் பிடித்தேன். ஹொசகோட்டைப் பக்கத்திலிருந்து சனிக்கிழமை காலையில் வண்டியில் நாற்றுகளைக் கொண்டுவந்து, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் விற்பார்கள்.

அங்கே கத்தரி நாற்று விற்ற அம்மாள் என்னோடு கன்னடத்தில் பேசினார். நானும் விடவில்லை. வேலூரிலிருந்து இந்த ஊருக்கு வந்த நாளாக என் கன்னடம் ஒரே சூத்திரத்தில் ஓடுகிறது: தமிழில் 'வ' வந்தால் 'ப' போடு. வா என்றால் பா, வேண்டாம் என்றால் பேடா, வெல்லம் என்றால் பெல்ல. இதை வைத்தே இத்தனை வருடம் ஆபீசில் குப்பை கொட்டியாகிவிட்டது.

நாற்றுகளை ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "நாளே சசி பாடுத்தே. பயபடபேடி."

நாளைக்குச் சசி பாடுகிறதாம். பயப்பட வேண்டாமாம். சங்கத்தில் ஏதோ ஆண்டு விழா போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். மரியாதைக்கு, "எஷ்டொத்திகே?" என்று நேரம் கேட்டேன்.

"மத்யான."

"நானும் பர்த்தினி" என்றேன். நானும் வருகிறேன் என்றதும் அந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துத் தலையாட்டினார்.

சாயங்காலம் பைகளில் மண் நிரப்பி நாற்றுகளை நட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னேன்.

"சசியா? யாரது?"

"பாடகரா இருக்கும்."

"பயப்படாதீங்கன்னு ஏன் சொன்னாங்க?"

"குரல் அப்படியோ என்னவோ!"

மறுநாள் மத்தியானம் கச்சேரிக்கென்று இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, கிளம்பும் முன் நாற்றுகளை ஒரு பார்வை பார்த்துவிட மாடிக்குப் போனேன். அத்தனையும் தலை தொங்கிப் படுத்திருந்தன. இலைகள் நனைந்த கைக்குட்டை மாதிரி துவண்டு கிடந்தன.

அவசரம் என்று வந்துவிட்டால் நான் யோசிக்கிற ஆளில்லை. ஒரு குடையை விரித்துக் கட்டினேன். கீழே ஓடி டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தேன். பேதியானால் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று அலமாரியில் இருந்தது. அதையும் சொம்பில் கரைத்துவிட்டேன். ஊற்றப் போகும்போது மனைவி கையைப் பிடித்தாள்.

"அதுக்கு டிரிப்ஸ் ஏத்தலையா?"

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் காலடிச் சத்தம். சர்ச்சிலிருந்து திரும்பிய ஓனரம்மா துணி உலர்த்த வருகிறார். பிணங்களை அவர் பார்ப்பதற்குள் பிடுங்கி மறைத்துவிட்டு, வேறு வாங்கி நட்டுவிடுவது என்று திட்டம் போட்டேன். ஒன்றைப் பிடுங்கியும் விட்டேன்.

"என்ன சார், நட்டதையே பிடுங்கறீங்க?"

"செத்துப்போச்சும்மா."

"யார் சொன்னது? சசி பாடியிருக்கு, அவ்ளோதான். இடம் மாத்தினா வெயில்ல பாடத்தானே செய்யும்? சாயங்காலம் எழுந்துக்கும்."

"உங்களுக்கும் சசியைத் தெரியுமா?" என்றேன்.

ஓனரம்மா என் இஸ்திரிச் சட்டையையும் கையிலிருந்த நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், கன்னடத்துல நாத்துக்குத்தான் சசின்னு பேரு. பாடுறதுன்னா வாடுறது. அய்யோ, நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

வாடு என்றால் பாடு. என் சூத்திரமேதான். மனைவி சிரிப்பு தாங்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ஓனரம்மா ஈரத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் பிடுங்கியதைத் திரும்ப நட்டுக்கொண்டே சிரித்தேன். மண்ணை விரலால் அழுத்தி, ஈர்க்குச்சி ஒன்றால் முட்டுக் கொடுத்தேன்.

வெயில் இறங்கியதும் நாற்றுகள் எழுந்து நின்றன. நான் பிடுங்கியது மட்டும் கோபித்துக்கொண்டு சில நாள் படுத்திருந்துவிட்டு, பிறகு எழுந்தது. தினம் காலையில் பல் தேய்க்கும் முன் பூச்சி பார்த்தேன். வேப்பெண்ணெய் நாற்றத்தோடு ஆபீஸ் போனேன். பக்கத்து நாற்காலிக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். உட்காரட்டும்.

செடிகள் ஊதாப் பூ விட்டு, முதல் பிஞ்சுகள் பிடித்த வாரத்தில் ஓனரம்மா ஷீட் போடுகிற ஆளோடு மேலே வந்தார். அந்த ஆள் டேப்பை இழுத்தார். நான் பைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். நகரவில்லை. ஓனரம்மா குனிந்து ஒரு பிஞ்சைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை விட்டுடுங்க அண்ணா. அந்த மூலையை மட்டும் அளங்க."

"அந்த மூலையில அவரைப் பந்தல் வரப்போகுதும்மா" என்றேன்.

"அவரைச்செடி எங்க சார்?"

"சனிக்கிழமை வருது."

ஷீட் ஆள் டேப்பைப் பிடித்தபடி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். நான் பந்தலுக்குக் கழி எடுத்து வரக் கீழே இறங்கினேன்.