ஏழாவது கேள்விக்கான இடம்

ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தினமும் வேலைவாய்ப்பு அறிவிப்புகள் வருகின்றன. பணியில் இருந்தபோது, ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லலாமே என்று நான்கைந்து மின்னஞ்சல் பட்டியல்களில் என் முகவரியைக் கொடுத்து வைத்திருந்தேன். யாருக்கும் ஒன்றையும் சொன்னதில்லை. இப்போது காலைக் காப்பியோடு அவற்றைப் படிப்பதுதான் என் நாளின் முதல் வேலை. பொது சுகாதாரத்தில் இரண்டாண்டு ஃபெலோஷிப், முப்பத்தைந்து வயதுக்குள். ஆய்வக நிர்வாகத்தில் ஆறு மாதப் பயிற்சி, தங்குமிடம் உண்டு, நாற்பதுக்குள். ஆர்வமும் துடிப்பும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும். துடிப்புக்கு எந்த அதிகாரியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், என் மனைவி நின்று கட்டிய வீட்டில் இருக்கிறேன். அவள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுற்றிலும் நெல் வயல். நடவுக் காலத்தில் ஆட்கள் பேசிச் சிரிப்பது கேட்கும். மற்ற நாட்களில் மோட்டார் ஓடுவது கேட்கும். ஊரில் எனக்கு ‘லேப்பு சார்’ என்று பெயர். வந்த புதிதில் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நிறைய பேர் வந்தார்கள். அதில் வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பிறகு எடுத்ததா என்று குறிக்கப்படவில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்கி, திரும்பப் போய்க் குறித்து வாங்கி வரும்படி அனுப்பினேன். இப்போது யாரும் வருவதில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வந்த ஓர் அறிவிப்பை நான் இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்களுக்கு ஓராண்டு ஃபெலோஷிப். மாவட்டத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஆய்வகங்களுக்கு முறை வைத்துப் போய், சோதனைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்த்து, அங்கு இருப்பவர்களோடு உட்கார்ந்து குறைகளைச் சரிசெய்ய வேண்டும். வயது அறுபத்தைந்துக்குள். எனக்கு அறுபத்து மூன்று. துடிப்பு கேட்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு என்று போட்டிருந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. ‘அங்கு இருப்பவர்களோடு உட்கார்ந்து’ என்ற வரியில்தான் கண் நின்றது. வாரத்தில் ஐந்து நாள், ஓர் ஆண்டுக்கு, யாரோடாவது உட்கார்ந்து பேச எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். அதற்கு அரசு முத்திரையும் இருக்கும்.

படிவத்தை ஒரே காலையில் நிரப்பினேன். இணைப்புகள் பதினொன்றையும் வரிசைப்படி எண்ணிட்டு வைத்தேன். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. விண்ணப்பதாரரின் பணியைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் நேரில் பார்த்த ஒருவர், தனிப்படிவத்தில் ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதி, மூடிய உறையில் தர வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு ஆளா கிடைக்காது என்று நினைத்துத்தான் நாட்குறிப்பை எடுத்தேன். என் முதல் மேலதிகாரி இறந்துவிட்டார். இரண்டாமவரும் இறந்துவிட்டார், அவருக்கு மாலை வாங்கும் குழுவில் நானும் இருந்தேன். மூன்றாமவர் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் நான் யார் என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை புரிந்ததுபோல் இருந்தது. “ஆட்டோகிளேவ் ரிப்பேர் ஆயிடுச்சா?” என்று கேட்டார். ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். கிருமி நீக்கும் அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டே பத்து ஆண்டுகள் இருக்கும்.

மேலதிகாரிதான் எழுத வேண்டும் என்று விதியில் இல்லை. நேரில் பார்த்தவர் என்றுதான் இருந்தது. அப்படிப் பார்த்தால் ஒருத்திதான் மிச்சம்.

காஞ்சிபுரத்தில் நான் பிரிவுத் தலைவனாக இருந்தபோது அவள் எனக்குக் கீழே டெக்னீஷியன். ஏழு ஆண்டுகள். அவள் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே நான்கு அடி. சளி மாதிரியில் காசநோய்க் கிருமியைத் தேடும் வேலையில் அவளைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. நுண்ணோக்கியில் நீலச் சாயத்துக்கு நடுவே கிருமி ஒரே ஒரு சிவப்புக் கோடாக இருந்தாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. மதியம் ஒன்றேகாலுக்கு இருவரும் அவரவர் டப்பாவைத் திறப்போம். ஒரு நாளைக்கு வேர்க்கடலைத் துவையல், ஒரு நாளைக்கு அவள் ஊர்ச் செய்தி. அவள் பேசுவாள், நான் அதில் உள்ள பிழைகளைத் திருத்துவேன். அந்த ஏழு ஆண்டுகள் என்றால் எனக்கு நினைவிருப்பது அந்த அரை மணி நேரம்தான்.

அவள் ஒரு முறை ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தாள். வேறு மாநிலத்தில் ஒரு பெரிய ஆய்வகத்தில் ஓராண்டுப் பயிற்சி. பணியில் இருப்பவர் நேராக அனுப்ப முடியாது, உரிய வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியின் முதல் படி நான். பரிந்துரைப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே அலுவலக முத்திரைக்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது. முத்திரையைப் போட்டு வாங்கிக்கொண்டுதான் விண்ணப்பதாரர் சமர்ப்பிக்க வேண்டும் என்பது நடைமுறை. ‘முத்திரை இல்லை. திருப்பப்படுகிறது’ என்று எழுதித் தபால் பிரிவுக்கு அனுப்பினேன். தபால் பிரிவில் அதற்கு எண் போட்டார்கள், பதிவேட்டில் ஏற்றினார்கள், கட்டில் வைத்தார்கள். என் மேசையிலிருந்து நான்கு அடி தள்ளியிருந்த மேசைக்கு அது போய்ச் சேர ஒன்பது நாள் ஆயிற்று. கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்திருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மதியமும் என்னோடுதான் சாப்பிட்டாள். நான்கு மாதத்தில் வாலாஜாபாத் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று பணிமூப்புப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நற்சான்று எழுதுவதில் எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. சான்று வேண்டியவரே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டு போவார். கொடுப்பவர் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார். யாருக்கும் நேரம் வீணாகாது, யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. அதன்படி அவள் எழுதுவதுபோல் என்னைப் பற்றிப் பென்சிலில் எழுத உட்கார்ந்தேன். நேரம் தவறாதவர். பதிவேடுகளைப் பிழையின்றிப் பராமரித்தவர். முடிவுகளை எவர் சொல்லியும் மாற்றாதவர். ஆறு கேள்விகள் சிரமமில்லாமல் போயின. ஆறுமே உண்மை. ஏழாவது இது: ‘தனக்குக் கீழ் பணிபுரிந்தவர்களின் முன்னேற்றத்துக்கு விண்ணப்பதாரர் எவ்வாறு உதவினார்? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.’

இரண்டு நாள் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, பஸ் ஏறினேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகளுக்கான நாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. நிலையத்தில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மரத்தடி பெஞ்சில் பெண்களுக்கு நடுவே ஒரு கிழவன் கையில் உறையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் முறை வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

“டோக்கன் வாங்கினீங்களா சார்?”

வாங்கியிருந்தேன். முப்பத்தெட்டு. அதை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, கம்பியில் குத்தினாள். பிறகுதான் ஸ்டூலைக் காட்டினாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்டாள். அறை சின்னது, ஆனால் அதில் இருக்க வேண்டியது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குளிர்பெட்டியின் வெப்பநிலை அட்டையில் அன்றைய காலைக் கணக்குவரை எழுதியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவளே தாளைக் கையில் எடுத்துப் படித்தாள். “நேரம் தவறாதவர்” என்று உரக்க வாசித்தாள். “நீங்களே எழுதிக்கினு வந்துட்டீங்களா சார்?”

வழக்கம்தானே என்றேன்.

“ஆமா, வழக்கந்தான். ஏழாவது இன்னாத்துக்குக் காலியா கீது?”

அதை நீதான் எழுத வேண்டும் என்றேன். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக சென்ட்ரிஃப்யூஜில் எதிரெதிராக வைத்தாள். மூடியை அழுத்தினாள். அது சுற்றத் தொடங்கும்வரை நின்றாள்.

“சீலு உங்க டிராயர்லதானே சார் இருந்துது.”

அவள் குரலில் கோபம் இல்லை. எந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருந்தது என்று சொல்வதுபோல் சொன்னாள். இதற்கு என்னிடம் பதினைந்து ஆண்டுகளாக ஒரு பதில் தயாராக இருந்தது. முத்திரை யாருடைய பொறுப்பில் இருந்தாலும் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் விண்ணப்பதாரர். விதி எண்ணோடு சொல்ல முடியும். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

“நீ போயிட்டா மத்தியானம் தனியா சாப்பிடணுமேன்னு இருந்துதும்மா.”

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருஷந்தானே சார். திரும்பி வந்திருப்பேன்.” பிறகு சொன்னாள்: “நான் மாத்தல் வாங்கிக்கினு போனப்புறம் மட்டும் யாரு கூட சாப்பிட்டீங்க?”

யாருடனும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

என்னை வெளியே போய் உட்காரச் சொன்னாள். ரகசிய அறிக்கை எழுதும்போது விண்ணப்பதாரர் அறையில் இருக்கக் கூடாது என்று காரணமும் சொன்னாள். எனக்கே நடைமுறை சொன்ன முதல் ஆள் அவள்தான். பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண்கள் போய்விட்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவள் உறையோடு வந்தாள். ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து, அதன்மேல் நிலையத்தின் முத்திரை. ஒன்று போதும். மூன்று இடத்தில் குத்தியிருந்தாள்.

“சீல் போட்டுட்டேன். பாத்துக்குங்க சார்.”

சாப்பாட்டு நேரம். உள்ளே மேசையில் அவள் டப்பா இருந்ததைப் பார்த்தேன். அவள் உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். நான் கேட்டிருந்தால் அவள் உட்காரச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. உறை என் மேசையில் இருந்தது. ஏழாவது கேள்விக்கு அவள் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் எனக்கு அந்த ஓராண்டு கிடையாது. ஆவியில் காட்டினால் எந்தப் பசையும் இளகும் என்று எனக்குத் தெரியும். வெந்நீரும் பொறுமையும் போதும், இரண்டும் வீட்டில் இருந்தன. உறையே இல்லாமல் மற்றதை அனுப்பி, பன்னிரண்டாவது இணைப்பு பின்னர் வரும் என்று ஒரு கடிதம் வைக்கவும் வழி உண்டு. நான்காம் நாள் காலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் தபால் அலுவலகத்துக்குப் போனேன். பணியில் இருந்த காலம் முழுக்க, நான் படிக்காத ஒரு தாளையும் மேலே அனுப்பியதில்லை. அன்று அனுப்பினேன். ரசீதில் எடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பட்டியல் இணையத்தில் வந்தது. அதில் நான் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. காரணம் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, எங்களுக்கும் இருந்ததில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. அவள்தான். எண் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். அவளிடம் கொடுத்த படிவத்தின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

“லிஸ்ட்டு பாத்தேன் சார். உங்க பேரு இல்ல.”

இல்லை என்றேன். வயதும் பார்த்திருப்பார்கள் என்றேன். பின்னால் இயந்திரம் வேகம் குறைந்து நிற்கும் ஓசை கேட்டது. அந்த ஓசையை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

“நான் இன்னா எழுதினேன்னு கேக்கவே இல்லியே?”

“அது ரகசிய அறிக்கைம்மா. விண்ணப்பதாரர் கேக்கக் கூடாது.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவள் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே யாரோ சிறுநீர் பாட்டிலை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். “அந்த ட்ரேல வையி” என்று அவள் சொன்னாள். பிறகு என்னிடம், “சரி சார்” என்றாள்.

கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளை நான் அவ்வப்போது நீக்கிவிடுவேன். அதனால் என் கைபேசியில் அவள் அழைப்புதான் இன்னும் முதல் வரியில் இருக்கிறது. செவ்வாய் வேண்டாம், அவளுக்குக் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டால் எடுப்பாள். இன்று புதன்கிழமை. மணி ஒன்று.