முதல் பத்து நிமிடத் தண்ணீர்

தெருவுக்குக் குடிநீர் திறந்துவிடும் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தெருமுனை வால்வைத் திருகியதும் தண்ணீரை வீடுகளுக்கு விடமாட்டார். முதல் பத்து நிமிடம் கால்வாயில் ஓடவிடுவார். பிறகு உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பார். தண்ணீர் வராத நாளில் ஓட்டைக் குழாய்க்குள் பக்கத்துச் சாக்கடை கசிந்து இறங்கும். அதற்காகத்தான் இருபத்தாறு வருடமாக இந்தப் பாடு. "வீட்டுல காபியைக்கூட மோந்துட்டுத்தான் குடிக்கிறாரு" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அப்புறம் நகராட்சியும் ஒரு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. குழாய் நகராட்சிக்கு, விநியோகம் கம்பெனிக்கு. கம்பெனியிலிருந்து வந்த மேலாளருக்கு மூக்கரின் மகன் வயதுதான் இருக்கும், ஆனாலும் 'சார்'.

"பத்து நிமிஷம் சாக்கடையில விடுறீங்களாமே? எங்களுக்கு அது வீண் தண்ணி. கால்வாய்க்குப் போற அந்த வாயை சிமெண்ட் போட்டு அடைச்சிடுவோம். திங்கட்கிழமையிலிருந்து மெஷினே திறந்துக்கும்."

"அழுக்கு அது வழியாத்தான் சார் போகுது. முதல்ல குழாயை மாத்துங்க."

"குழாய் நகராட்சியோடது. அங்க போய்ச் சொல்லுங்க."

நகராட்சிப் பொறியாளர் தலைகூட நிமிரவில்லை. "விநியோகம் அவங்க பொறுப்புப்பா."

இருவரும் சொன்னது உண்மைதான்.

பள்ளத்தில் இருக்கும் கடைசி வீட்டில் அவருடைய மகளும் ஒன்றரை வயதுப் பேரனும் இருந்தார்கள். கசிவெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். திங்களுக்கு முன் மகளிடம் சொல்லிவிடலாம் என்று மூக்கர் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை விடியலில் வழக்கம்போல் போனார். சொன்ன நாளுக்கு முன்பே கால்வாய்க்குப் போகும் வாயைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஓடினார். "யாரும் பிடிக்காதீங்க! கொட்டிடுங்க!"

"வேலை போன கோபத்தை எங்க கதவுல காட்டுறாரு" என்று ஒருவர் சிரித்தார்.

மகள் வீட்டில் குடம் நிரம்பியிருந்தது. மூக்கர் குனிந்து முகர்ந்தார்.

"கொதிக்க வெச்சியாம்மா?"

"எதுக்குப்பா? இனிமே சுத்தமான தண்ணின்னு கம்பெனி மெசேஜ் அனுப்பியிருக்கே."

"குழந்தைக்குக் குடுத்தியா?"

"ம்."

"எவ்வளவு குடிச்சான்?"

"ஒரு டம்ளர் முழுக்க. இன்னும் கேட்டான்பா."