லாரி நிற்கும் வரை பாட்டு

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கென்று ஒரு ரேடியோ இருந்தது. நிஜ ரேடியோ இல்லை. மனமகிழ் மன்றத்து அறையில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், தெருமுனைக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். தண்ணீர் லாரி வந்தால் அதில் சொல்வார்கள். யாராவது தவறிவிட்டால் சொல்வார்கள். பொங்கலுக்கு உறியடி எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். நாங்கள் அதை ரேடியோ என்றுதான் கூப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரத்தை மகளிருக்கு ஒதுக்கினார்கள். மன்றத்துச் செயலாளர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். தன் வீட்டுச் சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்த மாதிரி அவருக்கு நினைப்பு. கோலப்போட்டி அறிவிப்பு, சமையல் குறிப்பு, கடைசியில் ஒரு பக்திப் பாட்டு என்று ஒழுங்காக ஓட்டுவோம் என்று நம்பினார். நானும் எதிர்வீட்டு அக்காவும் அந்த அரை மணியை எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டோம். அம்மன் பாட்டுக்கு அடுத்து டப்பாங்குத்து, அதற்கடுத்து சேலத்திலிருந்து வந்த மாமி ஒருத்தி நேரில் பாடிய நலங்குப் பாட்டு, பிறகு யார் வீட்டிலோ இரவல் வாங்கிய ஆங்கிலப் பாட்டு. "என்னடி இது, கூட்டாஞ்சோறு ஆக்கறீங்க" என்றாள் என் அம்மா. கேட்காமல் மட்டும் இருந்ததில்லை.

அக்கா பக்கத்து ஊரான சேக்காட்டுக்காரி. அவளுடைய வீட்டார் வயல் வேலை செய்தவர்கள். அப்பா பிறகு தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்தார். கணவர் அங்கேயே லேத் ஓட்டும் டர்னர். அக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர். குரல்தான் கரகரவென்று இருக்கும். முந்தைய பொங்கல் பாட்டுப்போட்டியில் அவள் முதல் வரியை எடுத்ததுமே பந்தலில் சிரிப்பு கிளம்பியது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்த திருநெல்வேலி அத்தை, "ஏட்டி, தொண்டைக்குள்ள மாவு மிஷினா ஓடுது?" என்று கேட்டுவிட்டாள். செயலாளர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் மேடையிலிருந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் மைக் பக்கம் வாயைக் கொண்டுபோகவே இல்லை. எங்கள் நிகழ்ச்சியில் பேசுவது நான். ஒயர் சொருகுவது, கேசட் மாற்றுவது, டேப் ரிக்கார்டருக்கு முன்னால் மைக்கைப் பிடிப்பது அவள். ஒருநாள் பென்சிலை விட்டுக் கேசட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு பாட்டு. இந்த மைக்குல முழுசா பாடிட்டன்னா போதும். வேற இன்னா கேக்குறேன் நானு?"

கப்பலில் வேலை பார்த்த என் மாமா அந்த முறை ஒரு சோப்புக் கட்டி, ஒரு குடை, அட்டை தொலைந்துபோன ஒரு கேசட் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. போட்டுப் பார்த்தேன். பெண்கள் பாடினார்கள். பாடினார்கள் என்று எப்படிச் சொல்வது, வாசலில் நின்று சண்டை பிடிக்கிற மாதிரி கத்தினார்கள். கிடாரை யாரோ போட்டு அடித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் காதை எடுக்கவே மனம் வரவில்லை. இந்த வகை இசைக்குப் பங்க் என்று பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்த பங்க், ஆவடி மார்க்கெட் சலூனில் பையன்கள் காதை மூடி விட்டுக்கொண்ட முடி மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். இன்றைக்கும் அதற்காக மன்னிப்புக் கேட்க நான் தயாரில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செயலாளர் எப்போதும் வால்யூமை முழுக்க வைத்துத்தான் சுவிட்சைப் போடுவார். உடனே மைக் "வீல்" என்று ஊளையிடும். பிறகு அவர் தொண்டையைச் செருமி, வணக்கம் சொல்லி, லாரி வந்திருக்கும் செய்திக்கு வருவதற்குள் பாதி வரிசை நின்றுவிடும். எங்கள் பெண்களுக்கு அந்த ஊளைதான் லாரி. கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். அதனால் எங்கள் நிகழ்ச்சியில் ஊளை வராது.

அந்தக் கேசட்டின் முதல் பாட்டே கிடார் ஊளையில்தான் தொடங்கியது. அறைக்குள் இருந்த எங்களுக்கு அது பாட்டாகத்தான் கேட்டது. வெளியே நான்கு பக்கமும் கதவுகள் திறந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கம்பத்தடியில் பிளாஸ்டிக் குடங்களும் சில்வர் குடங்களுமாக ஒரு கூட்டம். லாரியைக் காணோம். தலைக்கு மேலே ஒருத்தி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். எந்த வரிசையிலோ தண்ணீர்ச் சண்டை, அதை யாரோ மைக்கில் போட்டுவிட்டார்கள் என்று ஒருத்தி நினைத்து, விலக்கிவிட ஓடியேவிட்டாள்.

அக்கா மட்டும் இது எதையும் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்தபடியே உறைந்து நின்றாள்.

"இவளுக்கும் என் தொண்டதான் கீது" என்றாள். பிறகு மெதுவாக, "இவளுக்கு எவன் மைக்கு குட்தான்?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் செயலாளர் வந்து ஒயரைப் பிடுங்கினார். "பொம்பளைங்க கத்துறதைக் கேக்கவா மைக் வாங்கி வெச்சிருக்கோம்?" மகளிர் நேரம் அன்றோடு முடிந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை நிஜமாகவே லாரி வந்தது. செயலாளர் சுவிட்சைப் போட்டார், மைக் ஊளையிட்டது. ஒருத்தரும் வரவில்லை. "திரும்பவும் அந்தப் பொண்ணுங்க பாட்டு போடறாங்க" என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அவர் செருமி, வணக்கம் சொல்லி, விஷயத்துக்கு வந்தபோது டிரைவர் முகப்பேர் பக்கம் இன்னொரு நடை இருக்கிறதென்று வண்டியை எடுத்துவிட்டார். அன்று பல வீடுகளில் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. திருநெல்வேலி அத்தை எங்கள் வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவளுக்கு வீட்டில் கைக்குழந்தையோடு மகள் வந்திருந்தாள். கோபத்தில் நியாயம் இருந்தது.

அடுத்த முறை லாரி திரும்புவதை அக்காதான் முதலில் பார்த்தாள். செயலாளர் ஷிஃப்டில் இருந்தார். மன்றத்துச் சாவி அவருடைய பக்கத்து வீட்டில். அக்கா அதை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் திறந்து, மைக்கை வாயருகே வைத்து, அந்தப் போட்டியிலிருந்து அடக்கி வைத்திருந்த அந்தக் குரலை அப்படியே விட்டாள்:

"யம்மா, லாரி வந்துகீது! பாட்டு இல்ல, நெசமாவே தண்ணி! கொடத்த எட்த்துகினு வாங்க!"

காலனியே வந்தது. அந்தக் குரலை வேறு எதோடும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. டேப்பில் இல்லை, ரேடியோவில் இல்லை, அப்படி ஒரு தொண்டை ஆவடியிலேயே ஒன்றுதான்.

மைக்கை அணைக்க அவள் கை போனதை, பின்னாலேயே ஓடிவந்திருந்த நான் பார்த்தேன். போன கை நின்றது. வெளியே லாரிக் குழாயடியில் குடங்கள் நிறைந்துகொண்டிருந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். போட்டியில் முதல் வரியோடு நின்றுபோன அதே பாட்டு. கரகரவென்று, இரண்டு இடத்தில் உடைந்து, ஆனால் விடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த செயலாளர் அறைப் பக்கம் விரைந்தார். வரிசையிலிருந்து யாரோ, "இருக்கட்டும் சார், கொடம் நெறையட்டும்" என்றார்கள். அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அதன் பிறகு அதுவே பழக்கமாயிற்று. லாரி வந்தால் அக்கா கூப்பிடுவாள். லாரி அங்கே நிற்கும் வரை பாடுவாள். நான் ஒயரைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கேசட்டில் அவளுக்குப் பிடித்த பாட்டைக்கூட ஒருநாள் வார்த்தையே இல்லாமல் கத்திக் காட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளும் இருந்தாள்.

சில வருடங்கள் கழித்து வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. கொண்டாடாதவர் யாருமில்லை, எங்கள் அம்மா குழாய்க்குக் குங்குமம் வைத்தாள். லாரி வருவது நின்றது. லாரி இல்லாவிட்டால் மைக்குக்கு வேலை இல்லை. குழாய் வந்ததற்கு வருத்தப்பட்டால் பைத்தியம் என்பார்கள் என்பதால், அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக லாரி வரும் நேரத்தில் மன்றத்து அறைக்குப் போய் ஆம்ப்ளிஃபயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது திருநெல்வேலி அத்தை உள்ளே வந்தாள். இடுப்பில் சில்வர் குடம். வீட்டுக் குழாயில் பிடித்தது, பாதிதான் நிறைந்திருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, மீதிக் கொடத்துக்குப் பாடேன்" என்றாள்.

அக்கா வால்யூமைக் குறைக்காமலே சுவிட்சைப் போட்டாள்.