ஊற்றில் கொட்டிய மீன் குடல்

இது கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் என் வண்டியை வந்து முகர்ந்து பாருங்கள். ஏழு முறை கழுவியும் நாற்றம் போகவில்லை.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். மீன் குடல், செவுள், அழுகல் எல்லாவற்றையும் தூரத்துக் குப்பைக் கிடங்கில் சேர்க்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க, ஊருக்கு மேற்கே ஒரு செம்மண் பள்ளத்தாக்கில் கொட்டிவந்தேன். சுற்றிலும் மூன்று குக்கிராமங்கள். அடியில் அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் ஊற்று. தெரிந்தேதான் செய்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் குமட்டுகிறது.

போன ஆவணி, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.10.

பின்கதவைத் திறந்தேன். சளக்... சளக்... குடல்கள் சரிந்து விழுந்தன. புழுக்கள் நெளிந்தன. எப்போதும் ஈ மொய்க்கும். அன்று ஒன்றுகூட இல்லை.

கீழே ஊற்றருகே ஒரு பெண் குனிந்திருந்தாள். மிதந்த எண்ணெயை ஒதுக்கி, தண்ணீரைக் கையில் அள்ளினாள். வாயருகே கொண்டுபோய்க் கீழே விட்டாள். மறுபடி அள்ளினாள்.

பிறகு மேலே வந்தாள்.

"தம்பி... நல்ல தண்ணி இருக்கா?"

பாட்டிலை நீட்டினேன். முழு லிட்டர். வாயில் கவிழ்த்தாள். அவள் தொண்டை அசையவே இல்லை. ஆனால் பாட்டில் காலி.

மணி 2.16.

பாட்டிலின் வாயில் ஒரு மீன் செதில்...

அவள் வந்த செம்மண்ணில் காலடித் தடம் இல்லை.

மேட்டில் ராமலிங்கத்தின் டீக்கடை. அங்கே போய்த்தான் மூச்சு விட்டேன். அந்தப் பெண்ணின் அடையாளம் சொன்னேன்.

"நம்ம அன்னக்கிளிப்பா அது! பேதியில செத்து ஒம்போது நாளாவுது. செத்தவங்களுக்கு ஊத்துத் தண்ணிதான் சொம்புல வெப்போம். எவனோ நாறடிச்சிட்டான். ஒரு சொட்டு வைக்கல."

"நான் பாட்டில் குடுத்தேண்ணே..."

அவர் முகம் மாறியது.

"மொதத் தண்ணி குடுத்தவங்க வூட்டுக்குத்தான் வருவா. கருமாதி முடியிற வரைக்கும்."

அன்று இரவு 7.40. வீட்டில் மனைவி பூர்ணிமா கூப்பிட்டாள்.

"சீல் பிரிக்கவே இல்லைங்க. தண்ணிக் கேன் பாதி காலி."

உள்ளே ஒரு செதில் மிதந்தது.

"இதையா கொழந்தைக்குக் குடுக்கறது?"

தினமும் கேன் மாற்றினேன். தினமும் பாதி. தினமும் செதில். குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள்.

அன்னக்கிளி செத்த பதினாறாம் நாள், கருமாதி நாள், கழிந்தது. மறுநாள் காலை 6.05. புதுக் கேன்... பாதி.

ராமலிங்கத்துக்குப் போன் போட்டேன்.

"கருமாதி முடிஞ்சிதாண்ணே?"

"எங்க முடியிறது? ஊத்துத் தண்ணி இல்லாம எங்க ஊர்ல கருமாதி செய்ய மாட்டோம். தெளியட்டும்."

நேற்றும் ஊற்றைத் தூர்வார மண்வெட்டியோடு இறங்கினேன். இருபத்திரண்டாவது கூடை. அடியிலிருந்து இன்னும் குடல்தான் வருகிறது.