ஐந்தாம் நிலைப் பெட்டி

ஐந்தாம் நிலைப் பெட்டி வந்த அன்று அந்த வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. பஸ் டிரைவரான அப்பா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வழியில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எங்க சிட்டு அஞ்சாவது லெவலுக்குப் போயிட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மா தையல்காரி. மிஷினை விட்டு எழுந்திருக்காமல் சிரித்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பை அளக்க அவள் கழுத்தில் தொங்கிய டேப் போதாது.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துச் சத்தம் தாங்காமல், காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய் உட்கார்ந்த குழந்தை அது. கெஞ்சினாலும் வெளியே வராது. டீச்சரும் எத்தனை நாள்தான் குனிந்து குனிந்து பார்ப்பார்? கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க ஒரு நிறுவனம் இருப்பதை யாரோ சொன்னார்கள். நிலைக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே புத்தகம், பயிற்சி நோட்டு, கடைசியில் உறையில் ஒட்டிய பரீட்சைத் தாள். வீட்டிலேயே எழுதி அனுப்ப வேண்டும். எண்பதுக்கு மேல் வாங்கினால் அடுத்த பெட்டி. சிட்டு ஒரு தடவைகூடத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை.

அம்மா நாலாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் கறார். 'பரீட்சையின்போது பெற்றோர் உதவக் கூடாது' என்று பெட்டியில் அச்சடித்திருந்த வரியை அவள் மதித்த அளவுக்கு, அதை அச்சடித்தவனே மதித்திருக்க மாட்டான். வீடு சின்னது, ஜன்னலோரத்தில் தையல் மிஷினும் சிட்டுவின் மேஜையும் ஒட்டியே கிடந்தன. உலகத்துச் சத்தத்துக்கெல்லாம் நடுங்கும் பிள்ளைக்கு மிஷின் சத்தம் மட்டும் பழக்கம், பிறந்ததிலிருந்து கேட்டது. மகள் கணக்குப் போடுவாள். அம்மா ஒரு கண்ணைத் துணியிலும் ஒரு கண்ணை நோட்டிலும் வைத்துக்கொண்டு மிதிப்பாள். மூன்று வருஷமாக ஒரு விடைகூடச் சொன்னதில்லை. சொல்லிக் கொடுத்து வாங்குகிற மார்க் உடம்பில் ஒட்டாது என்பது அவள் கட்சி.

ஐந்தாம் நிலையில் இரண்டு சங்கடம் இருந்தது. இதன் பரீட்சையை வீட்டில் எழுத முடியாது. மையத்துக்குப் போய்ப் பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். தேறாவிட்டால் மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி மேஜைக்கடி. இன்னொன்று, பின்னம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், அம்மாவுக்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சிட்டு எழுதினாள், காத்திருந்தாள், மறுபடி எழுதினாள். மிஷின் தன் பாட்டுக்கு ஓடியது. விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் பத்துக்குப் பத்தும் தப்பு.

"எனக்கே மண்டையில ஏறலை. உங்க தங்கச்சியை வரச் சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

நாத்தனாருக்கு பாங்க்கில் வேலை. கணக்கில் புலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, சிட்டுவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணி, கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்துங்களேன். காது அடைக்குது."

மிஷின் நின்றது. சிட்டுவின் பென்சிலும் நின்றது.

பின்னம் வரவில்லை. சரி, பெருக்கல் பார்ப்போம் என்றாள் அத்தை. அதுவும் வரவில்லை. கடைசியில் இரண்டாம் நிலைக் கணக்குக்கே இறங்கிவிட்டாள். நாற்பத்து மூன்றில் பதினேழு போனால் எவ்வளவு? சிட்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ மிஷினை ஓட்டும்மா" என்றாள் சிட்டு.

அம்மா மிதித்தாள். சிட்டு ஒன்றாம் இடத்தில் நான்கு என்று எழுதினாள். அம்மாவின் கால் தானாக நின்றது. சிட்டு அதை அழித்துவிட்டு ஐந்து போட்டாள். கால் நகரவில்லை. ஆறு போட்டாள். மிஷின் கடகடவென்று ஓடியது. சிட்டு நிம்மதியாக அடுத்த இடத்துக்குப் போனாள்.

நாத்தனார் ஒரு தடவை மிஷினைப் பார்த்தாள், ஒரு தடவை அண்ணியைப் பார்த்தாள்.

"சிட்டு, ஆறுன்னு எப்படிடா கண்டுபிடிச்சே?"

"மிஷின் ஓடுச்சே அத்தை! நின்னா தப்பு, ஓடுனா சரி." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "இந்த அஞ்சாவது லெவல்ல மட்டும் எல்லாத்துக்கும் ஓட்டுறே. நான் எப்படிம்மா போடுறது?"

அதில் கள்ளம் இல்லை, அதுதான் கொடுமை. படிப்பு என்றாலே இப்படித்தான் என்று அந்தக் குழந்தை நம்பியிருந்தது. தொண்ணூறு தொண்ணூறாக வாங்கி, நான்கு பரீட்சையிலும் தேறியது அம்மாவின் கால். நாலாவது வரை படித்த கால், நாலாவது படித்தவளுக்குத் தெரிந்த வரைக்கும்தான் போயிற்று.

"அண்ணாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நாத்தனார் வாசலில் செருப்பைத் தேடினாள்.

"வேண்டாம்மா. நானே சொல்றேன்."

எங்கே சொன்னாள்? டிப்போவில் அப்பா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை அவர் டூட்டிக்குப் போனதும், மிஷினைத் துணி போட்டு மூடினாள். பரணிலிருந்து இரண்டாம் நிலை நோட்டை இறக்கினாள். மையத்தில் எழுத இன்னும் ஏழு மாதம். மூன்று வருஷப் படிப்பை ஏழு மாதத்தில் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனாரைக் கேட்கவும் கூசியது. பக்கத்தில் உட்கார்ந்தாள், சிட்டு அவள் விரலைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள், சிட்டு அவள் மூச்சைக் கவனித்தாள். கடைசியில், "நீயே போட்டு முடி. நான் உள்ள இருக்கேன்" என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, இது சரியா?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு சத்தம் இல்லை. மேஜைக்கடியில் போய்விட்டாளோ என்று பதறிக் கதவைத் திறக்கக் கை நீட்டும்போது, அது வெளியிலிருந்தே திறந்தது. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிட்டு நின்றாள்.

"நானே போட்டேம்மா. யாருமே இல்லாம."

நோட்டை விரித்துக் காட்டினாள். ஐம்பத்தொன்றில் இருபத்தாறு போனால் இருபத்தைந்துக்குப் பதில் முப்பத்தைந்து என்று, அழித்த தடமே இல்லாமல், குண்டு குண்டாக எழுதியிருந்தது.

அம்மா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள். சிட்டு அவளை அண்ணாந்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேஜைக்குத் திரும்பிப் போய், ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தாள்.