நக்லே குடித்துவிட்ட காபி

பெத்லகேமில் வாடகைக் கார் ஓட்டும் நக்லேவுக்கு அறுபத்தொரு வயது. குடும்பஸ்தர்களும் சேரக்கூடிய பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் உறுப்பினராக வாக்குக் கொடுக்க இரண்டு வருடப் பயிற்சி போதும். இவன் ஐந்தாம் வருடமும் பயிற்சியிலேயே கிடந்தான். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் இவனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மனைவி இறந்த வருடம் சபைக்காரர்கள்தான் முறை வைத்து வந்து சோறு போட்டு, செபம் சொல்லி, இவன் தூக்கு மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். சாமியாராகப் போக வேண்டாம், அங்கி வேண்டாம், காரை ஓட்டிக்கொண்டே சபைக்காரனாக இருக்கலாம். ஆனால் பகையை வைத்துக்கொண்டு பீடத்தின் முன் நிற்க முடியாது. அங்கேதான் இடித்தது.

பகை சொந்த அக்கா சல்வாவோடு. அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், நக்லே "முப்பது வயசாகியும் மாப்பிள்ளை படுக்கைய நனைக்கிறாரு" என்று காரில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டுச் சிரித்தான். பின்சீட்டில் இருந்தது பெண்ணின் சித்தி. கல்யாணம் நின்றது. பையன் வெட்கப்பட்டு சிலி நாட்டுக்குப் போனவன்தான், ஏழு வருடமாக வரவில்லை.

வாக்குக் கொடுக்கும் திருவிழாவுக்கு முதல் நாள், சபைத் தலைவி, மருந்துக்கடை ஓல்கா, இவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அஞ்சு பேர் வாக்குக் கொடுக்கறாங்க. ஆறாவதா நீ நிக்கணும்னா இன்னிக்கே அக்காவப் பாரு."

"செருப்பால அடிப்பா ஓல்கா."

"அடிக்கட்டும். வீங்கின கன்னத்தோட வா, உன் பேரத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

போனான். சல்வா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றைக் கேட்டு வந்தவன், கேட்டது கிடைக்கும்வரை கோப்பையைத் தொடக் கூடாது. இது அங்கே எல்லாருக்கும் தெரியும். அடுத்தவன் சண்டைக்குச் சமாதானம் பேசப் போய், இவனே பத்து வீட்டில் காபியை ஆறவிட்டு உட்கார்ந்தவன். ஆனால் கார் நிற்குமிடத்தில் நாளுக்கு முப்பது கோப்பை குடிக்கிற கை. எடுத்துக் குடித்துவிட்டது.

சல்வா சிரித்தாள். "குடிச்சிட்டியா? அப்ப கேக்க ஒண்ணுமில்ல. சும்மா பாக்க வந்திருக்கே. பாத்தாச்சு, கெளம்பு."

"அக்கா, கை தானா எடுத்துருச்சு. இன்னொரு கப் ஊத்து, கால்ல விழறேன்."

"அன்னிக்கு நாக்கும் தானாத்தான் பேசிச்சு, இல்ல?"

நக்லே உட்கார்ந்தபடி அழுதான்.

"ஏழு வருஷமா வராதவன் இன்னிக்கு எதுக்குடா வந்தே? எனக்காகவா, உன் சபைக்காகவா?"

உனக்காக என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "சபைக்காகத்தான். அது இல்லாட்டி செத்துருவேன்க்கா."

"ஒரு தடவையாவது உண்மையப் பேசினியே. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வா, வேற ஊத்தறேன்."

"பத்து மணிக்குத்தானே கோயில்ல..."

"தெரியும்."

மறுநாள் ஓல்கா மூன்று முறை போன் செய்தாள். அவன் அணைத்துவிட்டான். பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கூடத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே காபி. கோயில் மணி அடித்தது, வெகுநேரம் அடித்தது, நின்றது. இந்நேரம் ஐந்து பேரையும் கூப்பிட்டு முடித்திருப்பார்கள்.

சமையலறையில் சல்வா முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே அரிசி அடைக்கச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"காபி ஆறிப்போச்சுடா."

"ஆறட்டும்க்கா."

அவள் திரும்பவில்லை. அடுத்த காயை எடுத்தாள்.